மகளுக்காகத் தாய் கைநாட்டு வைக்கலாமா?

சென்ற மாதம் ஒரு தாய் கொழுந்து மலையிலிருந்து நேராக, படங்கைக்கூடக் கழற்றாமல் எம்மிடம் வந்தார். "ஐயா, மகளுக்கு இருபத்திரெண்டு வயசு. புத்தி நாலு வயசுப் பிள்ளை மாதிரி. நாங்க வேலைக்குப் போனா லயத்துல தனியா இருக்குது. பயமா இருக்கு. பிள்ளை பெறாத ஆபரேஷனைச் செஞ்சிடுங்க, நான் கைநாட்டு வைக்கிறேன்" என்றார்.

அவருடைய பயத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மகள் இப்போது சட்டப்படி பெரிய ஆள். எமது நாட்டில் 1989ஆம் ஆண்டிலிருந்து பராயமடையும் வயது 18. சின்ன வயதில் செல்லுபடியான தாய் தகப்பனின் கையொப்பம் அதன் பிறகும் தானாகச் செல்லும் என்று நினைக்கக் கூடாது. உயிராபத்து என்றால் வைத்தியர் கையொப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆபரேஷன் அப்படி அவசரமானதல்ல. செய்தபின் பழையபடி ஆக்குவதும் கடினம்.

இதே கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போனது. பெண்ணுக்கு வயது 36. பெயரை மறைத்து 'எஃப்' என்று மட்டும் குறிப்பிட்டார்கள். 14 வயதிலிருந்தே ஆஸ்பத்திரியில் இருந்தவர், புத்தி நாலைந்து வயதுப் பிள்ளையுடையது. அங்கே ஓர் ஆண் நோயாளியுடன் உறவு ஏற்பட்டது. கர்ப்பமானால் மனநிலை மோசமாகக் கெட்டுவிடும் என்றார்கள் வைத்தியர்கள். தாய் வழக்குப் போட்டார். 1989இல், அப்போது அங்கே மேலான நீதிமன்றமாயிருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. வளர்ந்தவருக்காகத் தாயும் சம்மதம் கொடுக்க முடியாது, நீதிமன்றமும் கொடுக்க முடியாது. ஆனால் அவருடைய நலனுக்கு உகந்தது என்றால் வைத்தியர் செய்வது குற்றமாகாது. இப்படியான ஆபரேஷனுக்கு முன் நீதிமன்றத்தைக் கேட்பதே நல்லது என்றும் சொன்னது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, அங்கே நீதிமன்றமே சம்மதம் கொடுக்கலாம்.

அங்கே பார்த்தது மகளின் நலனை. தாயின் நிம்மதியையோ ஆஸ்பத்திரியின் வசதியையோ அல்ல. இன்னொன்றையும் அந்தத் தாயிடம் சொன்னோம்: ஆபரேஷன் கர்ப்பத்தைத்தான் தடுக்கும், கெடுக்க வருகிறவனைத் தடுக்காது.

இங்கே சொந்தக்காரர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். தன் காரியத்தைத் தானே பார்க்க இயலாதவர் என்று விசாரணையில் தெரிந்தால் பாதுகாவலரை நியமிப்பார்கள். ஆபரேஷன் விஷயத்தையும் சட்டத்தரணியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.

மகள் இப்போது பகலில் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவுடன் இருக்கிறார். மனநல வைத்தியரைப் பார்க்கத் திகதி கிடைத்திருக்கிறது. தாய் மட்டும் போனால் போதாது, மகளையும் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறோம்.