வாசகரைத் தேடும் எழுத்து

நூறாண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தாளர் வாசகரை அடைய வேண்டுமானால் பத்திரிகாசிரியரின் தயவு அவருக்கு வேண்டியிருந்தது. அத்தயவை நாடாமல் சொந்தமாகவே பத்திரிகை நடத்தத் துணிந்தவர்களும் உண்டு. இந்தி இலக்கியத்தின் பேராசிரியர்களுள் ஒருவரான பிரேம்சந்த் 1923-ஆம் ஆண்டில் காசியில் சரஸ்வதி அச்சகத்தை நிறுவினார். 1930-இல் ‘ஹம்ஸ்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். இரண்டும் அவருக்கு நஷ்டத்தையே தந்தன. கடனைத் தீர்க்கும் பொருட்டு 1934-இல் பம்பாய் சென்று சினிமாவுக்குக் கதை எழுத நேர்ந்தது. அத்தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. மறு ஆண்டே ஊர் திரும்பினார், 1936-இல் காலமானார். தமக்கும் வாசகருக்கும் இடையே உள்ள வழி தம் கையிலேயே இருக்க வேண்டுமென்று விரும்பியதற்கு அவர் கொடுத்த விலை அது.

இன்று அவ்வழிக்கு விலையே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். முகநூலில் கணக்குத் தொடங்கக் காசு வேண்டியதில்லை. கையிலுள்ள தொலைபேசியிலேயே எழுதி, ஒரு விரலால் தொட்டால், எழுதியது உலகெங்கும் செல்கிறது. அச்சகமும் இல்லை, தபால் தலையும் இல்லை. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதைச் சற்று ஆராய்வோம். நாமும் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் பழைய இந்திச் சிறுகதைகளைத் தமிழாக்கி இணையத்தில் வெளியிட்டு வருகின்றோம். ஆகவே ஈண்டுச் சொல்லப்படுவனவற்றுள் சில படித்தறிந்தவை, சில பட்டறிந்தவை.

தில்லியில் வாழும் நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. தொலைக்காட்சிச் செய்தியாளராகப் புகழ்பெற்ற ரவீஷ் குமார் ‘கஸ்பா’ என்ற பெயரில் வலைப்பூ ஒன்றை எழுதி வந்தவர். பின்னர் அவர் முகநூலில் மிகச் சிறிய காதற் கதைகளை எழுதலானார். ஒவ்வொன்றும் சில வரிகளே. தில்லி மாநகரமே அவற்றின் களம்; இருவர் தனித்து அமர்ந்து பேச இடம் தேடி அலையும் நகரமாக அது அங்கே காட்சி தருகிறது. ‘லகு பிரேம் கதா’ என்னும் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘லப்ரேக்’ என்ற பெயரே இக்கதைகளுக்கு வழங்கலாயிற்று. 2015-இல் ராஜ்கமல் பதிப்பகம் இவற்றைத் தொகுத்து ‘இஷ்க் மே ஷஹர் ஹோனா’ என்னும் நூலாக வெளியிட்டது. அதே ஆண்டில் சத்திய வியாஸ் என்னும் இளைஞரின் ‘பனாரஸ் டாக்கீஸ்’ நாவல் வெளிவந்து இந்தி இளைஞரிடையே பெரிதும் பரவிற்று. அதனை வெளியிட்ட ‘ஹிந்த் யுக்ம்’ நிறுவனமும் முதலில் இணையத்தில் கவிதைகள் வெளியிடும் பக்கமாகத் தோன்றிப் பின்னரே பதிப்பகமாக வளர்ந்தது.

ரவீஷ் குமார் ஏற்கெனவே தொலைக்காட்சியால் நாடறிந்தவர் என்பதை இங்கே மறைத்தலாகாது. எனினும் அவரிடம் நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. நீண்ட கதையை வெட்டிச் சுருக்கி அவர் முகநூலில் இடவில்லை. அவ்விடத்தின் அளவே இலக்கிய வடிவமாகும்படி எழுதினார். பேருந்தில் நின்றுகொண்டே படிப்பவருக்கு எது தகும் என்பதை அறிந்திருந்தார். நம்மவருள் பலர் நாற்பது பக்கக் கட்டுரையை அப்படியே முகநூலில் இறக்கிவிட்டு, எவரும் படிப்பதில்லை என்று வருந்துகின்றனர். நாமும் அவ்வாறு வருந்தியவர்தாம்.

இனி, கூட்டம் சேர்ந்துவிட்டால் போதுமா என்னும் வினா எழுகிறது. பத்திரிகைக்கு ஆயிரம் சந்தாதாரர் இருந்தால் ஆயிரம் பிரதிகளும் ஆயிரம் வீடுகளுக்குச் செல்லும். சமூக வலைத்தளங்களில் அவ்வாறன்று. ஆயிரம் பேர் நம்மைப் பின்தொடர்ந்தாலும், நாம் எழுதியதை அவ்வாயிரவருக்கும் காட்டும் கடமை தளத்துக்கு இல்லை. எவருக்கு எதைக் காட்டினால் அவர் இன்னும் சிறிது நேரம் அங்கேயே தங்குவார் என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இயந்திரம் வரிசைப்படுத்துகிறது. அங்கு தங்கும் நேரமே விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு. கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, ‘இது சுவையில்லை’ என்று தாமே முடிவுசெய்து பையிலேயே வைத்துக்கொள்ளும் தபால்காரர் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் சம்பளம் வாங்குவது நம்மிடமும் அன்று, கடிதம் பெறுவோரிடமும் அன்று.

அக்கணக்கு நிலையாக இருப்பதுமில்லை. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் முகநூல் நிறுவனம் தன் வரிசை முறையை மாற்றப்போவதாக அறிவித்தது. உறவினரும் நண்பரும் எழுதுவன முன்னே வரும், பத்திரிகைகளும் நிறுவனங்களும் நடத்தும் பக்கங்கள் பின்னே செல்லும் என்றது. அப்பக்கங்களையே நம்பி வாசகரைத் திரட்டிய பலர் திகைத்து நின்றனர். சில தளங்கள் வரிசையை மாற்றுவதோடு நில்லாமல் அடியோடு மறைந்தும் போயின. நம் நாட்டில் ஒரு காலத்தில் இளைஞர் எல்லாரும் கூடியிருந்த ஆர்க்குட் 2014-இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. டிக்டாக்கை 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு தடை செய்தது. அதில் இலட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஓரிரவில் தனித்து நின்றனர்.

நமக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். பிரேம்சந்த், ஜயசங்கர் பிரசாத் ஆகியோர் கதைகளைத் தமிழாக்கி, பெயர் கூற வேண்டாத ஒரு தளத்தில் மூன்றாண்டுகள் வெளியிட்டு வந்தோம். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் அவர் நூல்கள் பொதுவுடைமையாகும் என்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்; ஆதலின் மூலத்தைப் பற்றிய கவலை இல்லை. ஏறத்தாழ 3,000 பேர் பின்தொடர்ந்தனர். ஒரு நாள் காலை கணக்குப் பூட்டப்பட்டிருந்தது. விதி மீறப்பட்டது என்று ஓர் இயந்திர அறிவிப்பு. எந்த விதி என்று அதில் இல்லை. மும்முறை முறையிட்டோம். மும்முறையும் அதே வாசகம் வந்தது. நூற்றுப் பத்துக் கதைகளுள் நம்மிடம் பிரதி இருந்தவை நாற்பதே. தளத்தின் பெட்டியிலேயே நேராகத் தட்டச்சுச் செய்யும் சோம்பல் நம்முடையது. அதற்குப் பிறரைக் குறைகூறிப் பயனில்லை. கோப்பின் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைக்கும் உத்தியோகத்திலேயே இருபது ஆண்டுகள் கழித்த ஒருவருக்கு இது நேர்ந்தது என்பதுதான் வெட்கம்.

அந்த 3,000 பேருள் எவருடைய முகவரியும் நம்மிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவருக்கேனும், ‘நாங்கள் இங்கே இருக்கின்றோம்’ என்று சொல்ல வழியில்லை. இரண்டு மாதம் கழிந்து, ஜபல்பூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், முன்னொரு நாள் ஒரு சொல்லைப் பற்றி ஐயம் கேட்டு நாம் மின்னஞ்சலில் விடை எழுதியிருந்ததை நினைவிற்கொண்டு, அவ்வஞ்சலுக்கு மறுமொழியாக எழுதினார். திரையில் படிக்க இயலாத தம் தாயாருக்காகக் கதைகளை அச்செடுத்துத் தைத்து வைத்திருந்தாராம். நாற்பத்தாறு கதைகள் அக்கட்டில் இருந்தன. அவற்றை நமக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தார். அவற்றுள் முப்பத்தொன்று நாம் இழந்தவை.

இக்காரணத்தால், தமக்கென ஓர் இணையதளம் வைத்துக்கொண்டு, சமூகத் தளங்களை அதற்கு வழிகாட்டும் கைகாட்டி மரமாக மட்டும் பயன்படுத்துவதே தக்கது என்பது நம் கருத்து. இம்முறைக்குத் தமிழிலேயே பெருஞ்சான்று உண்டு. ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்னும் நாவல் வரிசையாக 2014-ஆம் ஆண்டின் முதல் நாள் தொடங்கி, 2020-ஆம் ஆண்டு ஜூலையில் முடித்தார். இருபத்தாறு நாவல்கள். அத்தியாயம் அத்தியாயமாக அவை இணையத்தில் தம் சொந்த இடத்திலேயே வெளிவந்தன. வாசகர் விடியற்காலையில் தாமே அங்குச் சென்று படித்தனர். வாசகர் கடிதங்களும் அவற்றுக்கு ஆசிரியர் எழுதிய விடைகளும் அவருடைய தளத்தில் இடம்பெற்றன. எந்த இயந்திரத்தின் வரிசையையும் அது எதிர்பார்க்கவில்லை. அத்தகைய உழைப்பு எல்லார்க்கும் கைகூடாது என்பது உண்மையே. ஆனால் வாரம் ஒரு கட்டுரையை, குறித்த கிழமையில், தவறாமல் வெளியிடுவது எவர்க்கும் இயலும். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை. வாசகருக்குப் பழக்கம் உண்டாக்குவது அதுவே.

கைகாட்டி மரத்தில் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. முகநூலில் நீண்ட பதிவின் முதற் சில வரிகளே கண்ணுக்குத் தெரியும். எஞ்சியதைப் படிக்க வாசகர் மீண்டும் தொட வேண்டும். முகவுரை, நன்றியுரை, ‘நெடுநாளாக எழுத எண்ணியிருந்தேன்’ என்பன போன்றவற்றை அம்முதல் வரிகளில் வைப்பது வீண். கதையின் மையத்தையே அங்கு வைக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் இணைப்பு முகவரி இட்டால் அதைத் தொட்டுச் செல்ல இயலாது. சுயவிவரப் பகுதியில்தான் அதனை வைக்க வேண்டும். வாட்ஸப்பில் கேளாதவர்க்கு நாள்தோறும் அனுப்புவது நட்பைக் கெடுக்கும். மறுமொழி எழுதுவோர்க்கு விடை எழுதுவது எல்லாவற்றினும் முக்கியமானது. ஐந்து பேர்க்கு நேரில் எழுதும் விடை ஐந்நூறு விருப்பக் குறிகளைவிட நெடுநாள் நிற்கும் என்பதை ஜபல்பூர் நமக்குக் காட்டிற்று. இவற்றுக்கெல்லாம் நாளொன்றுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் செலவிடலாகாது. மீறினால் எழுதும் நேரத்தைத்தான் அது விழுங்கும்.

விருப்பக் குறிகளைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். அரசியல் வசை ஒன்றுக்கு இருநூறு குறிகளும், நல்ல மொழிபெயர்ப்பு ஒன்றுக்குப் பன்னிரண்டும் விழக் கண்டால், அடுத்த முறை எழுதுகோல் தானாகவே வசையின் பக்கம் சாயும். நம்மைப் போன்ற மத்திய அரசு ஊழியர்க்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அரசின் கொள்கையைக் குறைகூறுவதைத் தடுக்கின்றமையால் இவ்வாபத்து ஓரளவு குறைவு. விதிக்கு நன்றி சொல்ல வாய்ப்பது அபூர்வம், இங்கே சொல்லிவைக்கிறோம்.

கூட்டம் எப்போதும் அன்போடு வருவதில்லை. மலையாள எழுத்தாளர் எஸ். ஹரீஷின் ‘மீச’ நாவல் 2018-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்தபோது, அதில் ஒரு பாத்திரம் பேசும் சில வரிகள் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டுச் சமூகத் தளங்களில் பரப்பப்பட்டன. ஆசிரியரின் குடும்பத்தார் மீதும் வசை பாய்ந்தது. அவர் தொடரை நிறுத்திக்கொண்டார். பின்னர் அது நூலாக வெளிவந்தது. அதனைத் தடை செய்ய வேண்டுமென்ற மனுவை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஜெயஸ்ரீ களத்தில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2020-இல் ஜே.சி.பி. இலக்கியப் பரிசு கிடைத்தது. முழு நாவலையும் படித்தவர் தொகை, அச்சில வரிகளை மட்டும் படித்தவர் தொகையில் எத்தனையில் ஒரு பங்கோ! எழுத்தைச் சிறு துண்டுகளாக வெளியிடுவோர், அத்துண்டு தனியே நின்றால் என்ன பொருள் தரும் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். அதற்காக அஞ்சி எழுதாதிருக்க வேண்டும் என்பதன்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. இந்தி எழுத்தாளர் வினோத் குமார் சுக்லாவின் ‘தீவார் மே ஏக் கிட்கி ரஹதீ தீ’ 1997-இல் வெளிவந்த நாவல். சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. பரபரப்பு ஏதும் இல்லாத, ஓர் ஏழைக் கணித ஆசிரியரும் அவர் மனைவியும் வாழும் சிற்றறையைப் பற்றிய கதை. தம் நூல்களால் கிடைக்கும் உரிமைத்தொகை மிகச் சொற்பம் என்று சுக்லா 2022-இல் வெளிப்படையாக வருந்தியதுண்டு. பின்னர் இந்நாவலை ஹிந்த் யுக்ம் மீண்டும் வெளியிட்டது. இளம் வாசகர்கள் அதனைப் படித்து, இன்ஸ்டாகிராமில் தம் மகிழ்ச்சியைச் சிறு காணொளிகளாகப் பகிர்ந்தனர். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் ராய்ப்பூரில் அவருக்கு வழங்கப்பட்ட உரிமைத்தொகை 30 இலட்ச ரூபாய். அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டு. இளைஞர் தாமாகவே அவர்பொருட்டுப் பேசினர். அவர் செய்திருந்த வேலை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது.

நாம் இப்போது சிறியதோர் இணையதளம் வைத்திருக்கின்றோம். ஆண்டுக்கு ஒருமுறை அதன் பெயருக்குக் கட்டணம் கட்டுகிறோம். கதைகள் வீட்டுக் கணினியில் ஒரு பிரதியும், தனியே ஒரு வட்டில் மற்றொரு பிரதியுமாக உள்ளன. முகநூலில் முதற் பத்தியை மட்டும் இடுகின்றோம். விரும்பித் தம் மின்னஞ்சல் முகவரியைத் தந்தவர்க்கு மாதந்தோறும் ஒரு கடிதம் செல்கிறது, முகவரிகள் 212. முன்னர் இருந்த 3,000-த்தை நோக்க இது சிறு தொகைதான். எழுத்தைச் சற்றுப் பெரிதாக இட்டால் தம் தாயாருக்கு வசதியாயிருக்கும் என்று ஜபல்பூர் அம்மையார் சென்ற மாதம் எழுதியிருந்தார். இம்மாதக் கடிதத்தில் அவ்வாறே இட்டிருக்கின்றோம்.