உரக்கப் பாடாத புளூகிராஸ் நட்சத்திரம்

வயலினும் ஃபிடிலும் ஒரே கருவிதான். அதே மரம், அதே நான்கு தந்தி, அதே வில். வாசிக்கும் பாணி மாறினால் பெயரும் மாறிவிடுகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வளர்ந்த அலிசன் கிரவுஸ் ஐந்து வயதில் கற்றது மேற்கத்தியச் செவ்வியல் வயலின். சில ஆண்டுகளிலேயே ஃபிடில் போட்டி மேடைகள் அவரை இழுத்துக்கொண்டன.

அவர் சென்று சேர்ந்த இடம் புளூகிராஸ். கென்டக்கிக்காரரான பில் மன்றோ 1940களில் வடிவம் கொடுத்த இசை அது. பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், ஃபிடில், பேஸ் என எல்லாம் தந்தி வாத்தியங்கள். மரபான குழுவில் டிரம்ஸ் கிடையாது. பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவரும் முறைவைத்து முன்னால் வந்து வாசிப்பார்கள். வேகம்தான் அதன் பெருமை. உச்சத்தில் ஏறிப் பாடும் ஆண் குரல்கள் அதன் அடையாளம்.

அந்த மேடையில் கிரவுஸ் காதருகே பேசுவதுபோலப் பாடினார். புளூகிராஸுக்கு வெளியே இருந்தவர்களையும் உட்காரவைத்தது அந்த மென்மைதான்.

14 வயதில் ரவுண்டர் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 1987இல் முதல் ஆல்பம் வந்தபோது வயது 16. 1993இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரி அவரை உறுப்பினராக்கியது. 1995இல் வந்த 'நௌ தட் ஐவ் ஃபவுண்ட் யூ' தொகுப்பு 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரு புளூகிராஸ் கலைஞருக்கு அது கனவு எண்ணிக்கை.

இப்படிப்பட்ட வெற்றி வந்தால் பாடகர் தனி நட்சத்திரமாகிவிடுவதும், குழு பின்னால் மங்கிப்போவதும் வழக்கம். கிரவுஸ் அப்படிச் செய்யவில்லை. அவருடைய 'யூனியன் ஸ்டேஷன்' குழுவின் ஆல்பங்களில் மற்றவர்களும் முன்குரலில் பாடினார்கள். 2000இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தில் ஜார்ஜ் குளூனிக்குப் பாட்டில் குரல் கொடுத்த டான் டிமின்ஸ்கி அப்போது இந்தக் குழுவின் கிட்டார்காரராக இருந்தவர்தான். கிரவுஸும் பாடிய அந்தப் பட ஆல்பம், 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது.

2007இல் கிரவுஸ் கைகோத்தது லெட் ஸெப்பலின் ராக் குழுவின் ராபர்ட் பிளான்டுடன். அலறிப் பாடியே பேர் வாங்கிய ராக் பாடகர், இவருடன் சேர்ந்து குரலைத் தாழ்த்திப் பாடினார். இருவரும் சேர்ந்து பாடிய 'ரெய்ஸிங் சாண்ட்' ஆல்பம் 2009இல் ஐந்து கிராமிகளை அள்ளியது. இதுவரை கிரவுஸ் பெற்ற கிராமிகள் 27. பெண்களில் அந்த எண்ணிக்கையை 2021இல் பியான்ஸே தாண்டும்வரை வேறு யாரும் தாண்டவில்லை.

14 ஆண்டு இடைவெளிக்குப் பின் யூனியன் ஸ்டேஷனோடு 2025இல் 'ஆர்கேடியா' ஆல்பத்தை வெளியிட்டார். அவரை இதுவரை கேட்காதவர்கள் அந்த 1995 தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.