உப்புக்காற்றும் எட்டு விசைகளும்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேம் ஏதேனும் கிடக்கிறதா? 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்றவற்றுள் பல, ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியின் நகல்களே. அதன் விசைப்பெட்டியை, அதாவது 'ஜாய்ஸ்டிக்' என்று சிறுவர்கள் அழைத்ததை, எறிந்துவிடாதீர்கள். அது நல்லதோர் ஆய்வுக் கருவி.

அதில் எட்டு விசைகள் உண்டு. 1977-இல் வந்த அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் விசைக்கு ஒரு கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கம்பி என்பது முறை. அப்படியானால் எட்டு விசைகளுக்கு ஒன்பது கம்பிகள் வேண்டும். ஆனால் ஃபேமிகாம் வகைக்கு ஐந்தே போதும். எப்படி?

மரக்காணம் உப்பளங்களை நினைத்துக் கொள்ளுங்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் அது. அங்கே உவர்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் அடர்ந்து, கடைசியில் உப்பாகப் படிகிறது. எட்டுப் பாத்திகள் வரிசையாக இருப்பதாகவும், மடை திறக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றின் நீரும் அடுத்ததற்குச் செல்வதாகவும் கொள்வோம். கடைசி மடையில் நிற்பவர் எட்டுப் பாத்திகளின் நீரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடலாம் அல்லவா?

விசைப்பெட்டியினுள் இருக்கும் 4021 என்னும் சில்லு செய்வதும் இதுவே. இதனை 'நகர்வுப் பதிவி' என்பர். நகல் பெட்டிகளில் இதே வேலையைச் செய்யும் வேறு சில்லு கறுப்புப் பிசினுக்கு அடியில் இருக்கலாம்.

இனி இணைப்புக்கு வருவோம். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் உருவான அர்டுயினோ பலகைகளுள் 'ஊனோ' 5 வோல்ட்டில் இயங்குவது, நமக்கு ஏற்றது. ஐந்து கம்பிகளில் ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று தரைக்கு. மற்ற மூன்றும் பலகையின் எண்முனைகளுக்கு: பிடிப்புக் கம்பி, துடிப்புக் கம்பி, செய்திக் கம்பி. நகல்களில் கம்பியின் நிறம் மாறுபடும். எனவே மல்டிமீட்டரால் சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

பிடிப்புக் கம்பியில் 12 மைக்ரோவினாடி நேரத் துடிப்பு ஒன்றைத் தந்தால், எட்டு விசைகளின் நிலையும் பதிவாகும். உடனே செய்திக் கம்பியைப் படித்தால் 'ஏ' விசையின் நிலை கிடைக்கும். பிறகு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றாக பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் மற்றவை வரும். அழுத்தாத விசை 1. அழுத்திய விசை 0.

இப்போது ஒரு புதிர். மரக்காணம் போன்ற கடலோர ஊரில், விடியற்காலையில் யாரும் தொடாமலே ஒரு விசை 0 காட்டுகிறது. நண்பகலில் அதுவே 1 காட்டுகிறது. ஏன்?

காரணம் உப்புக்காற்றே. காற்றில் வரும் உப்புத்துகள்கள் விசையின் கீழுள்ள தடங்களில் படிகின்றன. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கரைசலோ நன்கு கடத்தும்!

ஒவ்வொரு விசையும் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டுடன் இணைந்துள்ளது. அது 40,000 ஓம் என்று கொள்வோம். ஈர உப்புப் படலம் தரைக்கு 20,000 ஓம் வழி ஒன்றை ஏற்படுத்தினால், விசையில் எஞ்சுவது 5 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.67 வோல்ட். அது பாதிக்கும் குறைவு. சில்லு அதை 0 என்றே கொள்ளும். வெயில் ஏறியதும் ஈரம் குறையும், மின்தடை உயரும், கோளாறு மறையும்.

இதைப் போக்குவது எளிது. இணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திறங்கள். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துத் தடங்களைத் துடையுங்கள். ஆல்கஹால் மட்டும் போதாது. உப்பு அதில் எளிதில் கரையாது. முழுதும் உலர்ந்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.

ஆனால் கழுவ அவசரப்படாதீர்கள்! முதலில் ஒரு வாரம், காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் விசைகளைத் தொடாமல் எட்டு எண்களையும் படித்து, அன்றைய ஈரப்பதத்துடன் சேர்த்துக் குறித்து வையுங்கள். 0 தோன்றும் வேளைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பழுதான ஜாய்ஸ்டிக் ஈரப்பதங்காட்டியாக மாறியிருப்பதை நீங்களே காண்பீர்கள்.