அரிய குடும்பப் பெயர்கள் ஏன் மறைகின்றன?

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புகழ்பெற்ற பல குடும்பங்களின் பெயர்கள் மறைந்தன. வளவாழ்வால் வமிசம் வலுவிழந்ததே காரணம் என்றனர் சிலர். அது மெய்தானா என்று பிரான்சிஸ் கால்ட்டன் 1873-இல் கணித வினாவாகக் கேட்டார். வாட்சன் பாதிரியாருடன் 1874-இல் ஆய்வுரையும் வெளியிட்டார்.

நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். பெயருக்கு ஒரு குடும்பமாக 100 அரிய பெயர்கள். அனைவரும் மணம் புரிந்து, தம்பதிக்கு இரு குழந்தைகள் எனக் கொள்வோம். இரண்டும் பெண்ணாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தந்தை பெயர் மகன் வழியே மட்டும் செல்வதால் முதல் தலைமுறையிலேயே ஏறத்தாழ 25 பெயர்கள் மறையும், இரண்டாம் தலைமுறை முடிவில் மொத்தம் 39, மூன்றாவதில் 48. மக்கள்தொகையோ குறைவதில்லை!

ஆகவே பெயர் மறைவது வமிசத்தின் குறையன்று. மகள்கள் வழியே குடும்பம் தழைக்கிறது. அவர்களை எண்ணாத வழக்கமே பெயரை அழிக்கிறது.