குடும்பக் கூடாரம்: ஆள் எத்தனை, அறை எத்தனை?

கூடாரம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று சர்க்கஸ், மற்றொன்று போர்க்களம். குடும்பத்தோடு ஆற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ இரண்டு இரவு தங்கி வருவதற்காகக் கூடாரம் தேடும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறை பகுத்த கூடாரம் தமிழனுக்குப் புதிதன்று நண்பர்களே! பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். 103 அடிகளே உள்ளன. நப்பூதனார் பாடிய அந்நூலில், கார்காலத்தில், காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தில் ஓர் அரசன் பாசறை அமைத்திருக்கிறான். கோல் ஊன்றிக் கயிறு வலித்துக் கட்டிய இருக்கைகள் சூழ, நடுவே அவனுக்கென யவனர் அமைத்த ஒரு தனி இல்லம். உள்ளே விளக்கு எரிகிறது. வலிய கயிற்றில் திரையை இழுத்துப் பள்ளியறையை இரண்டாகப் பகுத்திருக்கிறார்கள். கோல், கயிறு, துணி, திரை: இன்று கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் கூடாரத்திலும் இந்த நான்கும்தான் இருக்கின்றன.

நாம் வாழவந்த கர்நாடகத்துக்கும் ஒரு கூடாரக் கதை உண்டு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்பு சுல்தானின் கூடாரம் ஒன்று கடல் கடந்து போயிற்று. பூவேலைப்பாடு நிறைந்த பருத்தித் துணியாலான அது இன்றும் வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. போருக்குச் சென்ற துணி, பின்னாளில் அங்கே தோட்ட விருந்துக்கு நிழல் தந்ததாம். விதியின் விளையாட்டு!

இனி நம் கதைக்கு வருவோம். தேர்வு முடிந்த விடுமுறையில் வீட்டாரை அழைத்துக்கொண்டு காவிரிக் கரைக்குப் போய்வர வேண்டும், என்ன கூடாரம் வாங்கலாம் என்று மன்றத்து நண்பர்கள் மூவர் தனித்தனியே என்னைக் கேட்டனர். நான் பௌதிகம் படிப்பவன், கடைக்காரனல்லன். எனினும் சென்ற டிசம்பரில் எங்கள் குடும்பத்துக்காக இவ்வாராய்ச்சியில் இறங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஈஜிபுராவில் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். ஆயா, அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கைக்குழந்தை, நான் என ஆறு பேர். "கூடாரத்தில் தங்கலாம்" என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. "வூடு இருக்கிறவன் எதுக்குடா தார்ப்பாய்க்குள்ள போய்ப் படுக்கணும்?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கெனக் கட்டிய குடியிருப்பின் ஒரு பகுதி 2007இல் இடிந்து விழுந்தது. அங்கிருந்தோர் பலர் தகரக் கொட்டகைகளில் காலந்தள்ளினர். 2013 சனவரியில் அக்கொட்டகைகளும் அகற்றப்பட்டன. போக்கிடமில்லாத குடும்பங்கள் நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக் குடியேறின. அவர்களில் தமிழ் பேசுவோரும் பலர். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு குடம் தண்ணீர் எடுத்துச் செல்வார். எங்கள் பேட்டையில் கூடாரம் என்பது எல்லார்க்கும் உல்லாசச் சொல் அன்று. அதை மறந்துவிட்டு நான் இதை எழுத இயலாது.

ஆயாவின் கேள்வி வேறு. "கதவு இல்லாத எடத்துல பொம்பளைங்க எப்படிடா துணி மாத்துறது? கொழந்தைக்கு எங்க உக்காந்து பால் குடுக்குறது?" பல அறைக் கூடாரம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த விற்பனைத் தாளிலும் நான் கண்டதில்லை. தனியாகப் போகும் இளைஞனுக்கு ஓர் அறை போதும். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் தமிழ்க் குடும்பத்துக்கு அறை என்பது ஆடம்பரமன்று, மானம்.

முதலில் ஆள் கணக்கு. உறைமேல் "ஆறு பேர்" என்றிருந்தால், ஆளுக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் என்று வைத்து, மத்தி மீன் அடுக்குவதுபோல் அடுக்கிச் சொன்ன எண் என்று கொள்ளுங்கள். பெட்டிக்கும் செருப்புக்கும் இடமில்லை. இரவில் ஆயா எழுந்தால் எல்லாரும் எழவேண்டும். எழுதியுள்ள எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் உண்மை வெளிப்படும். டெகத்லான் என்ற பிரெஞ்சு நிறுவனம் தன் குடும்பக் கூடாரங்களுக்கு 4.1, 4.2, 6.3 என்று எண்ணிடுகிறது. கணித மாணவர்கள் இதைத் தசமமென்று எண்ணி மயங்க வேண்டா. புள்ளிக்கு முன்னே ஆள், பின்னே அறை. 4.2 என்றால் நால்வர், இரண்டு அறை.

அறைகளின் அமைப்பிலும் வகை உண்டு. நடுவே ஒரு கூடம், இருபுறமும் எதிரெதிராகப் படுக்கையறை என்பது ஒரு வகை. படுக்கையறைகள் ஒட்டி நிற்க, இடையே ஒரு துணித்திரை மட்டும் தொங்குவது மற்றொன்று. இரண்டாவது விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் திரைக்கு அந்தப்பக்கம் அப்பா குறட்டை விட்டால் இந்தப்பக்கம் குழந்தை அழும். குழந்தையும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு முதல் வகையே தக்கது. நடுக்கூடத்தில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுபது வயதில் முழங்காலில் தவழ்ந்து வெளியே வரச்சொல்வது கொடுமை.

அடுத்தது மழை. துணியின் நீர்த்தடையை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 2000 மி.மீ. என்றால், அத்துணியின் மேல் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். மேற்கூரைக்கு அது போதும். தரைத்துணிக்கோ போதாது. ஏன்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ளவர் மண்டியிடுகிறார். முழங்கால்கள் தரையைத் தொடும் பரப்பு 100 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒரு சதுர செ.மீட்டருக்கு 0.6 கிலோ அழுத்தம். அது ஆறு மீட்டர் நீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது 6000 மி.மீ. ஈரமண்ணில் தரைத்துணி கசிவதன் இரகசியம் இதுவே. ஆகவே தரைத்துணி தடித்ததாய், ஓரங்கள் ஒரு சாண் உயரம் தொட்டிபோல் மேலேறியதாய் இருக்கவேண்டும். தையல்களின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஊசி போன வழியே நீரும் வரும்.

ஆனால் குடும்பக் கூடாரத்தைக் கெடுக்கும் நீரில் பெரும்பங்கு வானத்திலிருந்து வருவதில்லை, நம்மிடமிருந்தே வருகிறது. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உறங்கும் மனிதன் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறத்தாழ 35 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறான். ஆறு பேர், எட்டு மணி நேரம்: ஒன்றரை லிட்டருக்கும் மேல். 20 கன மீட்டர் கொள்ளும் ஒரு பெரிய கூடாரத்தில், 20 பாகை வெப்பத்தில், காற்று முழுதும் நிறைந்தாலும் ஏந்தக்கூடிய நீராவி 340 கிராம் அளவே. மிச்சம் எங்கே போகும்? தெளிந்த வானுள்ள இரவில் கூடாரத்தின் வெளித்துணி தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றையும் விடக் குளிர்ந்துவிடுகிறது. அதில் பட்ட ஆவி நீராகிறது. துளியாகித் தலைமேல் சொட்டுகிறது.

இதற்குத்தான் இரட்டைச் சுவர். உள்ளே மூச்சுவிடும் மெல்லிய துணியும் கொசுவலையும். வெளியே நீர்புகாத போர்வை. இடையே ஒரு கையகல இடைவெளி. ஆவி உள்துணியைக் கடந்து சென்று போர்வையில் படிந்து, அதன் உட்புறமாகவே வழிந்து தரைக்குப் போகும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் காற்றுவழி திறந்திருந்தால் இன்னும் நன்று; வெதுவெதுப்பான காற்று மேலேறி வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும். மழைக்கு அஞ்சி எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுபவர் காலையில் நனைந்து எழுவார்.

இதைத் தாளில் கணக்கிட்டு முடித்த இரவில்தான் எனக்கு ஒன்று விளங்கிற்று. ஈஜிபுரா நடைபாதையில் அந்தச் சனவரி விடியல்களில், ஒற்றைத் தார்ப்பாயின் உட்புறத்திலிருந்து பிள்ளைகள் மேல் சொட்டுவதை அம்மா பார்த்து வந்து சொல்வார். மழையே இல்லையே, எங்கிருந்து தண்ணீர் என்று வியப்பார். அது அவர்களுடைய மூச்சு. கூடாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு கையகல இடைவெளி என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதை அப்பவே யாராவது சொல்லியிருந்தா, உள்ளாற ஒரு பொடவையாவது கட்டிக் குடுத்திருப்பேன்" என்றார்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய கூடாரம் என்றால் பெரிய பாய்மரம் என்று பொருள். ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள சுவரில், மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மோதும். வேகம் 60 ஆனால் விசை 170ஐ நெருங்கும். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே காரணம். ஆகவே நீள்சுவரைக் காற்றுக்குக் காட்டாமல் குறுகிய முனையைக் காட்டி நிறுத்துக. கயிறுகளைச் சோம்பலால் சுற்றியே வைத்துவிடாமல் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுக. முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் தலைசாய்த்து அடிக்கவேண்டும். உடன் தரும் மெல்லிய கம்பி முளைகள் நம் செம்மண் இறுகியிருக்கும்போது வளையும், நனைந்திருக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். கருமான் பட்டறையில் ஒரு சாணுக்கு மேல் நீளமான இரும்பு முளைகள் செய்து வாங்கிக்கொள்வது சிறந்த முதலீடு.

துணி எது? கான்வாஸ் நனைந்தால் நூல் பருத்துத் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். பகலில் நைலானைப்போல் வேகாது. ஆனால் அதைத் தூக்கக் கழுதை வேண்டும். கார் இல்லாத நம் போன்றோர் பேருந்தில் ஏற்றுவது பாலியெஸ்டர்தான். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது.

ஒன்றை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள்; கரிச்சட்டி வைக்காதீர்கள். தீ ஒரு பயம். அதனினும் பெரிய பயம் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும். டீ குடிக்க ஆசையிருந்தால் வெளியே குளிரில் நின்று போட்டுக் குடியுங்கள்.

இடத்தேர்வு கூடாரத் தேர்வில் பாதி. வனத்துறை அனுமதியின்றிக் காட்டில் தங்கலாகாது. 2021 சனவரியில் வயநாட்டு மேப்பாடியில், விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கச் சென்ற பெண்மணி ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். துணிச்சுவர் கொசுவைத் தடுக்கும், யானையைத் தடுக்காது. ஆற்று மணலும் ஆகாது. மேலே அணை திறந்தால் இரவில் நீர் உயரும். தனிமரத்தடி, தென்னையடி இரண்டும் விலக்கு.

விலை? ஆறு பேர்க்கான நல்ல கூடாரம் எங்கள் வீட்டு இரண்டு மாத வாடகையை விழுங்கிவிடும். ஆண்டில் இருமுறை போகும் குடும்பத்துக்கு அது வீண் என்பது என் கருத்து. பெங்களூரில் வாடகைக்குத் தருவோர் பலர் உள்ளனர். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்: இருபுறமும் அறை, நடுவே கூடம். எடுக்குமுன் கடை வாசலிலேயே விரித்துக்காட்டச் சொன்னேன். ஆயா உள்ளறைக்குள் போய் ஜிப்பை மூடிக்கொண்டு, "வெளிய நிக்கிறவனுக்கு நெழல் தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். அப்போது தெரிந்தது! வெளிர்நிறத் துணியை விட்டு அடர்நிறத் துணிக்கு மாறினோம். இந்தச் சோதனையை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை.

திரும்பி வந்ததும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்புற்றுப் பிசுபிசுத்து உரிந்துபோகும், பூஞ்சையும் பிடிக்கும். மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்து இருபுறமும் உலர்த்துங்கள். நாங்கள் உலர்த்தியபோது எதிர்வீட்டுக் கன்னட அம்மையார், வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். வாடகைக்காரரோ மூட்டையைப் பிரித்ததும் எண்ணிப் பார்க்கவில்லை, முகர்ந்துதான் பார்த்தார்; முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தார்.