சிவப்பு அம்புக்குறிகள் போன இடம்

2000களின் தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் வெப்சைட் செய்தவர்களுக்கு அந்தச் சின்ன மஞ்சள் முக்கோணம் ஞாபகம் இருக்கும். பிரவுசரின் அடியில் இடது மூலையில் அது எட்டிப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட்டில் எங்கோ கோளாறு என்று அர்த்தம். இரண்டு முறை கிளிக் செய்தால் ‘ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டட்’ என்று வரும். கூடவே ஒரு வரி எண். பக்கம் பத்து ஸ்கிரிப்ட் ஃபைல்களை இழுத்துக்கொண்டு வந்திருந்தால், எந்த ஃபைலின் வரி அது என்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு. சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஒரு ‘அலர்ட்’ போட்டு, ‘இங்கே வந்தாச்சு’, ‘இங்கேயும் வந்தாச்சு’ என்று பெட்டி பெட்டியாக ஓகே அழுத்திக்கொண்டே போவார்கள். அந்த வித்தையைப் பெரும்பாலும் பக்கத்து சீட்டுக்காரர்தான் சொல்லித்தருவார்.

2006 ஜனவரியில் ஜோ ஹியூவிட்டின் ஃபயர்பக் என்ற கருவி வந்ததும் பலருக்குக் கண் திறந்தது. பக்கத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அதன் எச்டிஎம்எல், அந்த நிறம் எந்த சிஎஸ்எஸ் வரியிலிருந்து வந்தது, சர்வருக்குப் போன கோரிக்கை எத்தனை மில்லிசெகண்டில் திரும்பியது எல்லாம் படிப்படியாகக் கிடைத்தன. 2008-இல் வெளியான குரோம், இப்படிப்பட்ட கருவிகளைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. ஃபயர்பக் 2017-இல் விடைபெற்றது. கருவிகளோடு ஒரு கையேட்டு நடையும் வளர்ந்தது: எஃப்12 அழுத்தவும், நெட்வொர்க் டேபுக்குப் போகவும், படத்தில் சிவப்பு அம்புக்குறி காட்டும் பொத்தானைப் பார்க்கவும். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறியிருந்தால் படிப்பவர் முணுமுணுத்துக்கொண்டே தேடிப் பிடித்துவிடுவார். படிப்பவருக்குக் கண்ணும் சந்தேகமும் உண்டு என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கையேடுகள் எழுதப்பட்டன.

குரோமின் டெவ்டூல்ஸ் என்ற அந்தக் கருவி ஜன்னலுக்குப் பின்னால் இன்னொரு வாசலும் இருந்தது. அந்த ஜன்னல் பிரவுசரோடு ஜேசான் செய்திகளில் பேசுகிறது. 9222 போன்ற ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் வெளியிலிருந்து ஒரு நிரலும் அதே பேச்சைப் பேசலாம். 2017-இல் வந்த பப்பெட்டியர் என்ற நிரல் அந்த வழியாகத்தான் குரோமை ஓட்டியது. இந்தப் பேச்சுக்கான ஆவணம் வெறும் பெயர்ப்பட்டியல் மாதிரி வறண்டிருக்கும். கருவி செய்பவர்கள் மட்டும் படித்தார்கள், அவர்களுக்கு அது போதும்.

இன்று படிக்க வந்திருப்பது வேறு ஆள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் கூகுள், குரோம் டெவ்டூல்ஸை அதன் வழியாக ஏஐ ஏஜென்ட்டுகளின் கையில் கொடுத்தது. ஏஜென்ட்டுக்குக் கிடைக்கும் முதல் கையேடு, ஒவ்வொரு கருவியோடும் ஒட்டியிருக்கும் இரண்டு மூன்று வரி விளக்கம்தான். பக்கத்தை ஸ்னாப்ஷாட் எடுக்கும் கருவியின் விளக்கத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவை எழுத்தாக வரும், ஒவ்வொன்றுக்கும் யுஐடி என்ற அடையாளக் குறி ஒன்று இருக்கும், எப்போதும் கடைசியாக எடுத்ததையே பயன்படுத்து, படமாக எடுப்பதைவிட இதற்கே முதலிடம் கொடு. விஷயம் அவ்வளவுதான். ‘கடைசியாக எடுத்ததை’ என்று மனிதருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பக்கம் மாறியது அவர் கண்ணுக்கே தெரியும். ஏஜென்ட்டோ, சொல்லாவிட்டால் காணாமல் போன பொத்தானின் யுஐடியை வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருக்கும்.

பிழைச் செய்தியும் இப்போது கையேட்டின் ஒரு பக்கம். ‘அந்த யுஐடி பழையது, புதிதாக ஸ்னாப்ஷாட் எடு’ என்று கருவி பதில் சொன்னால் வேலை நகரும். வெறும் ‘தவறு’ என்றால் ஏஜென்ட் ஊகத்தில் இறங்கிவிடும், பிறகு அது தொட்டதெல்லாம் விபரீதம். நீளத்துக்கும் விலை உண்டு. பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று பார்க்க எடுக்கும் டிரேஸ் என்ற பதிவு பல எம்பி வரும். அதை அப்படியே ஊட்டினால் ஏஜென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மாடலின் கொள்ளளவு நிரம்பிவிடும். அதனால் சாரத்தை மட்டும் கொடுத்து, வேண்டுமென்றால் இன்ன இடத்தில் மேலும் கேள் என்று வழி சொல்கிறார்கள். இவ்வளவு சிக்கனம் பழைய கையேட்டுக்காரர்களிடம் நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஸ்னாப்ஷாட், திரைவாசிப்பான்கள் நம்பியிருக்கும் அணுகல்தன்மை மரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பெயரில்லாத ஐகானைப் பொத்தானாக வைத்தால் அங்கே அது என்னவென்றே தெரியாது. பார்வையற்றவர்கள் இதை வருடக்கணக்காகச் சொல்லியும் கேட்காத டீம்கள், ஏஜென்ட் தடுமாறுகிறது என்றதும் அவசரமாக லேபிள் ஒட்டுகின்றன. எப்படியோ ஒட்டுகிறார்களே என்று சும்மா இருக்கவேண்டியிருக்கிறது.

பழைய கையேடுகளும் முழுதாகச் சாகவில்லை. 2025-இல் குரோம் 136 வந்தபோது, பயனரின் வழக்கமான புரொஃபைலில் 9222 போன்ற அந்தப் போர்ட்டைக் கட்டளை கொடுத்துத் திறப்பதைக் கூகுள் நிறுத்தியது. குக்கீ திருடும் நிரல்கள் அந்த வழியில் புகுந்துகொண்டிருந்தன. அந்தக் கட்டளையில் தனி டேட்டா ஃபோல்டரையும் குறிப்பிட்டால்தான் திறக்கும். ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட டுட்டோரியல்கள் ஏராளம். அவற்றைப் படித்து வளர்ந்த மாடல் பழைய கட்டளையையே எழுதிக் கொடுப்பதுண்டு. பிரவுசர் பாட்டுக்குத் திறந்துகொள்ளும், 9222-இல் பதில் வராது. அதனால் இன்று இந்தக் கருவிகளுக்குக் குறிப்பு எழுதுபவர், எப்படித் தொடங்குவது என்பதற்கு முன்னால் எந்தப் பழைய கட்டளை இனி வேலை செய்யாது என்பதை எழுதவேண்டியிருக்கிறது.