துடிப்பும் உயிரும்

மனித இதயம் ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. வலது மேலறையிலுள்ள சைனோ ஏட்ரியல் கணுவில் தோன்றும் மின்தூண்டல், மேலறைகளைக் கடந்து கீழறைகளுக்குப் பரவுவதால் இத்துடிப்பு ஒழுங்காக நிகழ்கிறது. தூண்டல் தோன்றும் இடமோ பரவும் வழியோ மாறினால் ஒழுங்கு குலைகிறது. இதனைச் சீரற்ற இதயத்துடிப்பு என்பர். இதற்குரிய மருந்துகள் பல. அவற்றுள் எது நன்மை தரும் என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்கு விடை தேடிய ஓர் ஆய்வு, மருத்துவர்களின் நெடுநாள் நம்பிக்கையை மாற்றியது.

கண்ணுக்குத் தெரிந்த வெற்றி

மாரடைப்பின்போது இதயத்தசையின் ஒரு பகுதி குருதி பெறாமல் இறந்து தழும்பாகிறது. அதிலிருந்து மீண்டவர்கள் சிலரின் கீழறைகள், உரிய நேரத்திற்கு முன்பே இடையிடையே துடிப்பதுண்டு. இத்தகைய முந்துதுடிப்பு மிகுந்தவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பும் மிகுதி என்பதை மருத்துவர்கள் கண்டனர். ஆகவே, முந்துதுடிப்பை அடக்கினால் உயிரைக் காக்கலாம் எனக் கருதினர். பிளெகைனைடு, என்கைனைடு ஆகிய மருந்துகள் அதனைத் திறம்பட அடக்கின. மருந்து தருவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இதய மின்பதிவுகளை ஒப்பிட்டபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. 1980களில் இம்மருந்துகள் நோயாளிகள் பலருக்கு வழங்கப்பட்டன.

நேர்மையான ஒப்பீடு

ஆயினும், அவ்வொப்பீடு துடிப்பை மட்டுமே அளந்தது. மருந்து உண்டவர் நெடுநாள் வாழ்ந்தனரா என்பதை அளக்கவில்லை. அதனை அறிவதற்காக, 1987ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனத்தின் ஆதரவில் ‘காஸ்ட்’ என்னும் ஆய்வு தொடங்கியது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு முந்துதுடிப்பு மருந்தால் அடங்குவதை முதலில் உறுதிசெய்துகொண்டனர். பின்னர், அவர்களைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மருந்தும், மற்றொரு பிரிவினர்க்கு அதைப் போலவே தோன்றும் மருந்துப்போலியும் தரப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். எனவே, விருப்பும் எதிர்பார்ப்பும் முடிவைத் திரிக்க இடமில்லை.

எண்கள் கூறிய உண்மை

சராசரியாகப் பத்து மாதங்கள் கண்காணித்ததில், இவ்விரு மருந்துகளுள் ஒன்றை உண்ட 755 பேருள் 63 பேர் இறந்தனர். மருந்துப்போலி உண்ட 743 பேருள் இறந்தவர் 26 பேரே. உயிர்காக்கும் எனக் கருதப்பட்ட மருந்துகள் இறப்பை இருமடங்கிற்கு மேல் உயர்த்தியிருந்தன. இவ்வேறுபாடு புலப்பட்டதும், 1989ஆம் ஆண்டு இவ்விரு மருந்துகளையும் ஆய்வில் தருவது நிறுத்தப்பட்டது.

இதற்குக் காரணம் என்ன? இம்மருந்துகள் இதயச் செல்களுக்குள் சோடியம் அயனிகள் நுழைவதைத் தடுத்து, மின்தூண்டலின் வேகத்தைக் குறைக்கின்றன. தழும்புற்ற தசையின் ஓரத்தில் மெதுவாகச் செல்லும் தூண்டல், சென்ற வழியே சுழன்று திரும்பி, உயிருக்கு உலைவைக்கும் புதிய துடிப்பொழுங்கின்மையை உண்டாக்கக்கூடும். சிறிய கோளாற்றை அடக்கிய மருந்தே பெரிய கோளாற்றுக்கு வழிவகுத்தது. மாறாக, முந்துதுடிப்பை அந்த அளவிற்கு அடக்காத பீட்டா தடுப்பு மருந்துகள், மாரடைப்பிற்குப் பின் இறப்பைக் குறைப்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருந்தன.

இதனால் பிளெகைனைடு முற்றிலும் தீயதென முடிவுசெய்தல் பொருந்தாது. இதயத்தசையில் பாதிப்பில்லாத சிலருக்கு, மேலறைத் துடிப்பைச் சீராக்க மருத்துவர் கண்காணிப்பில் அது இன்றும் பயன்படுகிறது. ஒருவருக்கு நன்மை தரும் மருந்து மற்றொருவருக்குத் தீங்காகலாம்.

ஒரு மருந்து சிறந்தது எனக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எதனோடு ஒப்பிட்டனர்? யாரிடம் ஒப்பிட்டனர்? எதனை அளந்தனர்? அந்த 63 பேருக்கும் முந்துதுடிப்பு அடங்கியது உண்மை; ஆனால், அவர்கள் நாடிய பயன் சீரான மின்பதிவன்று, வாழ்வே ஆகும்.